பாதித் தட்டு

தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனால் இப்போதும் யாராவது என் இடது கையைப் பார்த்துவிட்டு, பாரிச வாயுவா அண்ணே என்று கேட்கிறார்கள். கேட்ட கையோடு தங்களுக்குத் தெரிந்த எண்ணெயின் பெயரையும் சொல்லிவிடுகிறார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். நடந்ததையெல்லாம் அங்கே நின்று சொன்னால் மீன் கெட்டுப்போகும். அதனால்தான் எழுதுகிறேன். வலது கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு சந்தேகப் பிராணி. நோய் வந்து அப்படி ஆகவில்லை, பிறவியிலேயே அப்படித்தான். கடைக்காரர் தராசைத் தொட்டால் நான் முள்ளைப் பார்க்க மாட்டேன், தொட்ட விரலைப் பார்ப்பேன். பார்த்த வேலையும் இந்தக் குணத்துக்குத் தோதாகவே அமைந்தது. ஓர் அரசாங்க மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். இறந்துபோனவர்களின் உறுப்புகளிலிருந்து டாக்டர்கள் வெட்டித் தரும் துண்டுகளை மெழுகில் பதித்து, இயந்திரத்தில் வைத்து வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்டிச் சாயம் ஏற்றிக் கொடுக்க வேண்டும். சில்லில் பெயர்ச்சீட்டு ஒட்டுவதும் நான்தான். ஒவ்வொரு சீட்டையும் மூன்று தடவை சரிபார்ப்பேன். ஒருவர் ஈரல் இன்னொருவர் பெயரில் போய்விடக் கூடாது பாருங்கள்.

எனக்கு மேலே இருந்தவர் செல்லத்துரை. யாழ்ப்பாணத்துக்காரர், சட்டைக் கைமடிப்பு கலையாமல் நாள் முழுக்க வேலை செய்யக்கூடியவர். பேச்சு குறைவு. பல வருஷம் ஒரே மேசையில் வேலை செய்தும் அவரையும் நான் முழுசாக நம்பியதில்லை. அவர் என்னை நம்பினாரா என்று கேட்டதும் இல்லை.

அறுபதுகளின் நடுவில் ஒரு திங்கட்கிழமை காலை அது வந்தது. சீவும்போது மெழுகு நாடாவாக நீண்டு வரும். வலது கை சக்கரத்தைச் சுற்ற, இடது கையில் இருக்கும் தூரிகை அந்த நாடாவைத் தாங்கி எடுக்க வேண்டும். அன்றைக்கு நாடா விழுந்துகொண்டே இருந்தது. கத்தியை யாரோ மழுக்கி வைத்துவிட்டார்கள் என்று கத்தினேன். செல்லத்துரை கத்தியைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

"கதிரையில இரும். வாய் ஒரு பக்கம் இழுக்குது" என்றார்.

உட்காரப் போனதாகத்தான் எனக்கு நினைவு. நான் தரையில் கிடந்தேன் என்று பிறகு சொன்னார்கள். தள்ளுவண்டியில் ஏற்றி அதே வளாகத்தின் ஆண்கள் வார்டுக்குக் கொண்டுபோனார்கள். சவக்கிடங்கிலிருந்து வரும் வண்டியின் சக்கரமும் அதே மாதிரிதான் கிரீச்சிடும். இது எந்த வண்டி என்று கேட்டேன். நாக்கு குழறியதால் யாருக்கும் புரியவில்லை.

மறுநாள் முதுகெலும்பில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்தால் அந்த நீர் சிவந்திருக்கும், ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டிருந்தால் தெளிவாக இருக்கும். குழாயை என் கண்ணில் காட்டச் சொன்னேன். தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அது என்னுடைய குழாய்தானா? சீட்டைக் காட்டச் சொன்னேன். மிஸ்ஸி, அதாவது நர்ஸ் (இங்கே நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம்), சிரித்துக்கொண்டே காட்டினார். ஏன் சிரித்தார் என்று அன்று பகல் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் ஒரு சீன இளைஞர். மூளையின் வலது பாதியில் ஒரு ரத்தக்குழாய் அடைபட்டிருக்கிறது, அதனால் இடது கையும் காலும் விழுந்துவிட்டன, பயிற்சி செய்தால் தேறலாம் என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. யாரிடம் சொல்கிறார்?

மூளைச் செல் எனக்குத் தெரியும். நல்ல செல் முக்கோணமாக, கிளை விட்டு நிற்கும். சாயம் ஏற்றினால் உடம்பெல்லாம் நீலப் பொடி தூவினாற்போல் இருக்கும், நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு கரும்புள்ளி. ரத்தம் நின்ற சில மணி நேரத்தில் அது சுருங்கத் தொடங்கும். நீலப் பொடி கரைந்து உடம்பு சிவக்கும். நடு வட்டம் கருத்து முடிச்சாகிவிடும், கிளைகள் முறியும். சுற்றுப்புறம் நீர் கோத்து வீங்கும். சில நாளில் துப்புரவுச் செல்கள் வந்து மிச்சத்தைத் தின்னும். வாரக்கணக்கில் அந்த இடம் புளித்த தயிராகக் குழையும், மாதக்கணக்கில் வெறும் பள்ளமாகிவிடும். செத்த செல் திரும்ப முளைத்து நான் பார்த்ததே இல்லை. இப்படிப்பட்ட எத்தனை மூளைகளைச் சீவியிருக்கிறேன். அதனால் தேறலாம் என்று சொன்ன டாக்டரை அந்த நிமிஷத்திலிருந்து பொய்யர் பட்டியலில் சேர்த்துவிட்டேன். ஊழியன் என்பதால் வார்டுக் கட்டணம் கிடையாது என்றார்கள். அதிலும் எனக்குச் சந்தேகம்தான்.

பயிற்சி சொல்லித்தர வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பினேன். செத்ததைப் போய் எதற்கு ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும்?

என் மனைவி அஞ்சலை தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு வந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. குவீன்ஸ்டவுனில் புதிதாகக் கிடைத்த அடுக்குமாடி வீட்டிலிருந்து பஸ் பிடித்து, தூக்குச்சட்டியோடு வந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்ப்பாள். நாலு நாள், வெறும் கஞ்சி குடித்தவரை, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவளுக்கும் தேற்றுகிற பேச்சு வராது, எனக்கும் கேட்கப் பிடிக்காது.

ஐந்தாம் நாள் தட்டில் இரண்டு இட்லிதான் இருந்தது. அவள் நாலு என்றாள். நான் இரண்டு என்றேன். காலையில் மருத்துவமனைச் சோறும் பாதிதான் வந்திருந்தது. முதலில் சமையல்கட்டு திருடுகிறது, இப்போது வீடுமா? சனிக்கிழமையும் அதே கதை. பஸ்ஸில் வரும்போது தின்றுவிட்டுக் கணக்குக் காட்டுகிறாய் என்று சொல்லிவிட்டேன். இருபத்திரண்டு வருஷம் எனக்குப் பரிமாறிவிட்டுத் தான் சாப்பிட்டவளைப் பார்த்துச் சொன்னேன். அவள் பதில் சொல்ல வாயெடுத்தபோது மிஸ்ஸி வந்து, இவரோடு வாக்குவாதம் வேண்டாம், ரத்த அழுத்தம் ஏறும் என்று மலாயில் அவளிடம் சொன்னார். கால்மாட்டில் நிற்காதே, வண்டி போக வழி வேண்டும், நாற்காலியில் உட்கார் என்றும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அஞ்சலை வரவில்லை.

வரவில்லை என்றுதான் நான் பார்த்தேன். மணி நாலடிக்கும், மற்றவர்களுக்கெல்லாம் ஆள் வரும். எனக்கு வலப்பக்கக் கட்டிலில் ஒரு ஹைனான் சமையல்காரர் இருந்தார். அவர் மகள் ஆரஞ்சு உரித்துக் கொடுப்பாள். என் தட்டில் மட்டும் வீட்டுச் சாப்பாடு வந்திருக்கும், அதுவும் பாதி. யாரிடமோ கொடுத்துவிட்டுப் போகிறாள், என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். ஒருநாள் அஞ்சலையின் குரலில் "தண்ணி வேணுமா?" என்று கேட்டது. குரல் வந்த பக்கம் என்று நினைத்து வலப்பக்கம் திரும்பினேன். சமையல்காரரின் மகள்தான் இருந்தாள். இவளுக்குத் தமிழ் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அந்தப் பிள்ளையையும் சந்தேகப்பட்டேன்.

எல்லாம் ஒன்றுசேர ஆரம்பித்தது. தமிழ்ப் பத்திரிகையில் வரிகள் நடுவிலிருந்து தொடங்கின. நாவிதர் பாதி முகத்துக்கு மட்டும் சவரம் செய்துவிட்டுப் போனார் என்று சண்டை போட்டேன். கடிகாரம் ஒன்று வரையச் சொல்லி டாக்டர் காகிதம் கொடுத்தார். வரைந்து கொடுத்தேன். பார்த்தார், தலையாட்டினார், எதையோ எழுதிக்கொண்டார். புத்தி சரியில்லை என்று எழுதுகிறார், வேலையிலிருந்து நீக்கப் போகிறார்கள் என்று முடிவுக்கு வந்தேன். நீக்கினால் யாருக்கு லாபம்? அஞ்சலையின் அண்ணன் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார். கூட்டமாக ஓரறையில் இருக்கிற குடும்பம். என்னை ஒரு முதியோர் விடுதியில் தள்ளிவிட்டால் குவீன்ஸ்டவுன் வீடு அவர்களுக்கு. எவ்வளவு பொருத்தமாக இருந்தது தெரியுமா? பொருத்தமாக இருந்ததாலேயே உண்மை என்று நம்பினேன்.

புதன்கிழமை பார்க்க வந்த செல்லத்துரையிடம், நான் சொல்லச் சொல்ல ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். மச்சானுக்கு. உங்கள் தங்கை என்னை வந்து பார்ப்பதில்லை, இப்படிப்பட்டவள் எனக்குத் தேவையில்லை, வந்து கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று.

அவர் பேனாவை மூடினார். "அவ நேற்றும் வந்தவா. நான் கண்டன்."

நீங்களுமா என்று கேட்டேன். எழுதாவிட்டால் இனி மருந்தைத் தொடமாட்டேன் என்றேன். அவர் பேனாவைத் திறந்து எழுதினார். கையெழுத்தை நானே போட்டேன். அவர் பையில் போட்டுக்கொண்டு கிழித்துவிடுவார் என்று தோன்றியது. அதனால் வார்டு ஆளைக் கூப்பிட்டு, என் கண் முன்னால் அவன் கையில் கொடுத்து அனுப்பினேன். அந்தத் திறமை எனக்கு அப்போதும் குறையவில்லை.

சனிக்கிழமை காலை செல்லத்துரை மறுபடி வந்தார். எங்கள் ஆய்வுக்கூடத்தின் பழைய பித்தளை நுண்ணோக்கியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அதற்கு மின்சாரம் தேவையில்லை. கீழே ஒரு கண்ணாடி, வெயில் வெளிச்சம் போதும். என்னைச் சக்கர நாற்காலியில் வராந்தாவுக்குத் தள்ளிப்போய், ஒரு சில்லை வைத்து, பாரும் என்றார். சீட்டில் என் கையெழுத்து. மூளை என்று எழுதி, எண் போட்டிருந்தது.

பார்த்தேன். குழலுக்குள் தெரிந்த வட்டம் நிறைய நல்ல செல்கள். நீலப் பொடி, வட்டம், புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில். ஒரு குறையும் இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நல்ல மூளையக் கொண்டாந்து காட்டி என்னைத் தேத்தப் பாக்கிறீங்களா?"

அவர் சில்லைத் தலைமாற்றி வைத்தார். மறுபடி பார்த்தேன். வட்டத்தில் பெரிய பள்ளம். சுற்றிலும் வடு. பழைய பக்கவாதம், சந்தேகமே இல்லை. முன்போலவே திருப்பி வைத்தார். பள்ளத்தைக் காணோம். சில்லை மாற்றுகிறார் என்று நினைத்து, அதை என் வலது கையில் வாங்கி நானே வைத்தேன், நானே திருப்பினேன். ஒரு பக்கமாக வைத்தால் பள்ளம் இருந்தது, மறுபக்கமாக வைத்தால் இல்லை. நாலு தடவை, ஐந்து தடவை செய்து பார்த்தேன்.

மனுஷர்களை நான் சந்தேகப்பட்டிருக்கிறேன். அந்தக் கருவியை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அது பொய் சொல்லாது. சில்லும் நான் சீவியது, சீட்டும் நான் ஒட்டியது. அப்படியென்றால் மிச்சம் இருந்தது நான்தான்.

டாக்டரும் வந்துவிட்டார். நான் வரைந்த கடிகாரத்தைக் கொண்டுவந்து, என் வலப்பக்கமாகப் பிடித்துக் காட்டினார். பன்னிரண்டு எண்களையும் ஒரே பாதியில் நெருக்கி எழுதியிருந்தேன். உங்கள் கண்ணில் கோளாறு இல்லை, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதை உங்கள் மூளை மறந்துவிட்டது, அதைக் கவனிக்கும் பகுதியில்தான் அடைப்பு என்றார். அங்கே கொஞ்சம் செல்கள் செத்தது உண்மைதான், ஆனால் பக்கத்தில் இருப்பவை வீக்கத்தில் வேலைநிறுத்தம் செய்கின்றன, வீக்கம் வடிய வடியச் சில எழுந்துகொள்ளும், பயிற்சி செய்தால் மற்ற செல்களும் வேலையைப் பழகும் என்றார். பழைய வழக்கத்தில், செத்த மூளை எப்படித் தேறும் என்று வாதாடினேன்.

செல்லத்துரை அந்தச் சில்லின் பின்னால் இருந்த கதையைச் சொன்னார். நான் எண்ணையும் உறுப்பையும்தான் மூன்று தடவை சரிபார்ப்பேன், கூட வரும் நோய்க்குறிப்பை வாசிக்க மாட்டேன். அவர் வாசிப்பார். அந்த ஆள் துறைமுகத் தொழிலாளி. பக்கவாதம் வந்து தேறி, திரும்ப வேலைக்குப் போய், பல வருஷம் கழித்துச் சரக்கு சரிந்து விழுந்து இறந்திருக்கிறார். அந்தப் பள்ளத்தைத் தலைக்குள் வைத்துக்கொண்டே மூட்டை தூக்கியிருக்கிறார்.

"எங்களிட்ட வாறதெல்லாம் செத்த ஆக்கள்தானே" என்றார் செல்லத்துரை. "சுகமாகி வீட்டை போனவன்ர மூளையை நீர் எப்ப கண்டனீர்?"

இத்தனை வருஷத்தில் இது எனக்குத் தோன்றவில்லை. எழுந்து நடந்து போனவர்கள் எங்கள் மேசைக்கு வந்ததே இல்லை. வந்தவர்களை மட்டும் பார்த்துவிட்டு, பக்கவாதம் என்றால் இவ்வளவுதான் என்று முடிவு கட்டியிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு பயம் வந்தது, ஏனென்றால் தட்டு நினைவுக்கு வந்தது. தட்டில் தெரியாத பாதி எப்போதும் அங்கேயே இருந்திருக்கிறது.

"அஞ்சலை எங்க உக்காருவா?" என்று கேட்டேன்.

ஜன்னல் பக்கம் என்றார். அது என் இடப்பக்கம். நான் அந்தத் திசையில் ஒரு ஜன்னல் இருப்பதையே மறந்திருந்தேன். கடிதம் எப்போது போய்ச் சேர்ந்திருக்கும் என்று கேட்டேன். நேற்றே சேர்ந்திருக்கும் என்றார்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு முன்பே மிஸ்ஸியிடம் சொல்லி என் தலையை ஜன்னல் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னேன். தானாக வலப்பக்கம் போகும். கன்னத்துக்கு அண்டையாகத் தலையணை கொடுத்துக்கொண்டேன். ஜன்னல் தெரிந்தது, பிறகு மெதுவாக மர நாற்காலி தெரிந்தது. யாரும் இல்லை. எனக்கு மறுபடி தெரியாமல் போயிருக்கிறதா என்று மிஸ்ஸியைக் கேட்டேன். இல்லை, இன்றைக்கு உன் மனைவி வரவில்லை என்றார். ஐந்து மணி வரை அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதேன். இதை எழுதுவதில் எனக்குக் கூச்சமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். கால்மாட்டில் நின்றார், அதனால் தெரிந்தார். வெள்ளைச் சட்டை, கையில் கான்வாஸ் பை. பையில் அஞ்சலையின் பச்சைச் சேலை நுனி தெரிந்தது.

"கூட்டிட்டுப் போகச் சொல்லி எழுதியிருக்கீங்க மாப்ளே. வந்துட்டேன் லா" என்றார். அவரும் கோபக்காரர்தான், ஆனால் நோயாளியிடம் எப்படிக் கோபப்படுவது என்று தெரியாமல் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். சொல்லிக்கிட்டுத்தான் வருவேன்னு நிக்கிறா, அதான் இங்க வந்தோம் என்றார்.

அவள் எங்கே என்று கேட்டேன். அவர் கையைக் காட்டினார், காட்டிய பக்கம் எனக்கு வரவில்லை. எனக்குத் தெரியும் அவள் எங்கே இருக்கிறாள் என்று. ஆனால் கழுத்து போகவில்லை.

"அஞ்சல, இந்தப் பக்கம் வா. இங்க நின்னா எனக்குத் தெரியும்" என்றேன்.

 அவள் குரல் வந்தது. இந்தத் தடவை சமையல்காரரின் மகளைப் பார்க்கவில்லை.

"நான் வரமாட்டேன். இந்தப் பக்கந்தான் உக்காரணும், அவரே திரும்பிப் பழகணும்னு மிஸ்ஸி இப்பதான் சொன்னாங்க. நீங்க திரும்புங்க."

திரும்பினேன். தலையணை இல்லாமல், தானாக. கட்டில் கம்பி, ஜன்னல் விளிம்பு, அவள் முழங்கால், மடியில் ஒரு கை. அது என் கை. அதன்மேல் அவள் இரண்டு கையும் இருந்தன. கடைசியில்தான் முகம் வந்தது. அழுது வீங்கிய முகம். அதில் இரக்கம் எதுவும் இல்லை.

"ஆறு நாளா இந்தக் கையப் புடிச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன்" என்றாள். "வரலன்னு எழுதியிருக்கீங்க."

நான் சந்தேகப்பட்ட ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. இதற்கு ஒன்றும் இல்லை. தப்பு பண்ணிட்டேன் என்றேன். நாக்கு குழறியது, அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. அதனால் மறுபடி சொன்னேன்.

மச்சான் இருமினார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். அஞ்சலை அவரைப் பார்க்காமல், பையை நாற்காலிக்குக் கீழே வைக்கச் சொன்னாள்.

"நீங்க போங்க அண்ணே. இன்னொரு தடவை இப்படி எழுதுனாரு, நெசமாவே வரமாட்டேன்."

மச்சான் போய்விட்டார். என் கழுத்து வலப்பக்கம் நழுவப் பார்த்தது. விடவில்லை. என் விரல்களை அவள் ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தத் தொடுகை தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்தால்தான் அவள் தொடுகிறாள் என்று தெரிந்தது. அதனால் பார்வையாளர்கள் போக மணி அடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.